நடைப் பையில் கொஞ்சம் புளிப்பு

2001 பிப்ரவரியில் பிரிட்டனின் கால்நடைகளைக் கோமாரி தாக்கியது. அடுத்த சில வாரங்களில் ஊர்ப்புற நடைபாதைகளை ஒவ்வொன்றாக மூடிவிட்டார்கள். நடப்பவர்களின் காலணி மண்ணில் ஒட்டிக்கொண்டு வைரஸ் பண்ணை விட்டுப் பண்ணை போய்விடும் என்ற பயம். நோய் பரவாமல் தடுக்க 60 லட்சத்துக்கும் அதிகமான ஆடு, மாடு, பன்றிகளைக் கொன்றார்கள். நோய் உறுதியான இடங்கள் 2000-க்கும் மேல். அவற்றில் ஏறக்குறைய 900 இங்கிலாந்தின் வடமேற்கு மூலையிலுள்ள கம்ப்ரியா என்ற ஒரே மாவட்டத்தில் இருந்தன. ஏரிகளும் குன்றுகளும் நிறைந்த அந்த மாவட்டத்தில் பலருக்கு ஆடு பிழைப்பு. வேறு பலருக்குக் குன்றேற வருகிறவர்கள் பிழைப்பு. அந்த ஆண்டு இரண்டுமே இல்லை.

அந்தச் சோர்விலிருந்து ஊரைக் கொஞ்சம் எழுப்பிவிட வேண்டும் என்று நினைத்தவர்களில் ஒருவர் பென்ரித் நகரத்துக்கு அருகிலுள்ள டேல்மெய்ன் மாளிகையின் ஜேன் ஹாசல்-மெக்காஷ். 2005-இல் அவர் ஒரு போட்டியைத் தொடங்கினார். குதிரைப் பந்தயம் இல்லை, ஆட்டுச் சந்தை இல்லை. வீட்டில் காய்ச்சிய மார்மலேட்டில், அதாவது ஆரஞ்சுத் தோல் ஜாமில், எது சிறந்தது என்ற போட்டி. அது இன்று ஜப்பானிலிருந்துகூட ஜாடிகள் வந்து சேரும் அளவுக்கு வளர்ந்துவிட்டது.

ஆரஞ்சு மரம் திறந்த வெளியில் காய்க்காத குளிர்நாட்டில், ஆரஞ்சுத் தோலைக் காய்ச்சுவது எப்படி ஊர்ப்புறத்தின் அடையாளமாயிற்று என்பது கேட்கத்தக்க கேள்விதான். ஞாயிற்றுக்கிழமைகளில் பத்திருபது பேராகக் கிளம்பும் நடைக் குழு ஒன்று, நண்பகலில் கல் சுவரோரம் காற்று படாத இடமாகப் பார்த்து உட்காரும்போது, டப்பாக்களிலிருந்து வெளிவருபவற்றைப் பார்த்தால் கேள்வி இன்னும் வலுக்கும். எலுமிச்சைச் சாறு ஊற்றி ஊறவைத்த 'லெமன் ட்ரிசில்' கேக், மார்மலேட் தடவிய ரொட்டி, சர்க்கரையில் ஊறிய ஆரஞ்சுத் தோல். எல்லாமே இனிப்பு, எல்லாவற்றின் அடியிலும் புளிப்பு. அந்தப் புளிப்பு சும்மா இருப்பதில்லை. பழத்தில் ஒரு வேலை, அடுப்பில் ஒரு வேலை, நடப்பவர் வாயில் ஒரு வேலை என்று ஓயாமல் உழைக்கிறது.

முதலில் நடையைப் பார்த்துவிடலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொதுமக்கள் நடக்க உரிமையுள்ள பாதைகளின் மொத்த நீளம் சுமார் 2,25,000 கிலோமீட்டர். அவற்றில் பெரும்பகுதி தனியார் வயல்களின் நடுவே போகிறது. ஆனால் பாதையை விட்டு விலகித் திறந்த மேட்டு நிலங்களில் நடக்கும் உரிமை லேசில் கிடைத்ததல்ல. மான்செஸ்டருக்குப் பக்கத்திலுள்ள கிண்டர் ஸ்கௌட் என்ற மேட்டுநிலம் பணக்காரர்கள் காட்டுக்கோழி சுடுவதற்காக அடைத்து வைத்திருந்த இடம். 1932 ஏப்ரல் 24 அன்று, பென்னி ராத்மன் என்ற 20 வயது இளைஞர் முன்னிற்க, சுமார் 400 பேர் ஹேஃபீல்ட் என்ற ஊரிலிருந்து கிளம்பி வேண்டுமென்றே அதில் அத்துமீறி ஏறினார்கள். பெரும்பாலும் ஆலைத் தொழிலாளர்கள். ஐந்து பேருக்குச் சிறை. 1951-இல் அதே பகுதி பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவானது; மேட்டு நிலங்களில் சுற்றித் திரியும் உரிமையைத் தரும் சட்டம் வர 2000 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கூட்டமாக நடப்பதற்கென்றே சில விதிகள் உண்டு. அவற்றை யாரும் எழுதி வைக்கவில்லை. பிரான்ஸின் துலூஸ் நகரத் தெருக்களில் நடப்பவர்களைப் படம்பிடித்து ஆராய்ந்த மெஹ்தி மூசாயிதும் சகாக்களும் 2010-இல் வெளியிட்ட முடிவு சுவையானது. இடம் இருந்தால் மூவரோ நால்வரோ ஒரே வரிசையில் தோளோடு தோள் நடக்கிறார்கள். நெரிசல் கூடினால் நடுவிலிருப்பவர் சற்றுப் பின்வாங்க, வரிசை ஆங்கில 'வி' எழுத்துப்போல் வளைகிறது. வேகமாக முன்னேற வேண்டுமென்றால் கூர்முனை முன்னால் இருப்பதுதான் வசதி. இங்கே அது பின்னால் இருக்கிறது. காரணம் எளிது: அப்படி நடந்தால்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேச முடியும். வேகத்தைக் கொடுத்து மனிதர் பேச்சை வாங்கிக்கொள்கிறார்கள்.

அந்தப் பேச்சுக்கு உடம்பிலும் கணக்கு உண்டு. கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகத்தின் சாரா ஹான்சனும் ஆண்டி ஜோன்ஸும் வெளிப்புற நடைக் குழுக்களைப் பற்றிய 42 ஆய்வுகளைத் திரட்டி 2015-இல் அலசினார்கள். 1843 பேர் பங்கேற்ற அந்த ஆய்வுகளில், மேல் ரத்த அழுத்தம் சராசரியாக 4 புள்ளிக்குச் சற்றுக் குறைவாக இறங்கியிருந்தது. ஓய்வுநிலை நாடித்துடிப்பும் குறைந்திருந்தது. ஆனால் மருத்துவர்கள் அதிகம் கவனிக்க வேண்டியது இன்னொன்று: சேர்ந்தவர்களில் நான்கில் மூன்று பங்குப் பேர் இடையில் நிற்கவில்லை. உடற்பயிற்சித் திட்டங்களின் வரலாறு தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு அரிய எண் என்று தெரியும்.

ஏற்றத்துக்கு வருவோம். 1892-இல் வில்லியம் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஒரு விதி சொன்னார். மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம். அதோடு ஒவ்வொரு 2000 அடி ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். நம் அளவையில் ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி. நூற்றாண்டு தாண்டியும் நடைக் குழுத் தலைவர்கள் இதை வைத்துத்தான் மதிய உணவு எங்கே என்று முடிவு செய்கிறார்கள்.

அந்த 600 மீட்டருக்கு எவ்வளவு எரிபொருள் ஆகும்? பள்ளிக்கூட இயற்பியலே போதும். 70 கிலோ எடையை 600 மீட்டர் தூக்கத் தேவையான ஆற்றல் சுமார் 4,12,000 ஜூல். அதாவது 98 கிலோகலோரி. ஆனால் நம் தசைகள் அப்படியொன்றும் சிக்கனமான எந்திரங்கள் அல்ல. செலவழிப்பதில் கால்வாசிதான் வேலையாகிறது, மீதி சூடாகிறது. எனவே உண்மைச் செலவு 400 கிலோகலோரியை ஒட்டி வரும். ஒரு கிராம் சர்க்கரையில் நான்கு கிலோகலோரி என்பதால், நைஸ்மித்தின் அந்தக் கூடுதல் ஒரு மணி நேரத்தின் விலை 100 கிராம் சர்க்கரை.

இதைக் கேட்டவுடன் கேக் டப்பாவைத் திறக்க நியாயம் கிடைத்துவிட்டதாக நினைப்பவர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். நிதானமாக நடக்கும்போது உடம்பு பெரிதும் கொழுப்பைத்தான் எரிக்கிறது. 10 கிலோ கொழுப்புத் திசுவில் 70,000 கிலோகலோரிக்கு மேல் இருக்கிறது. தசையிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜனாகச் சேர்த்து வைத்திருக்கும் மாவுப்பொருளும் அரைக்கிலோ அளவில் உண்டு. காலையில் ஒழுங்காகச் சாப்பிட்டுவிட்டு அரைநாள் நடக்கும் ஒருவர் நடுவில் ஒன்றுமே தின்னாமல் வீடு திரும்பலாம். ஆக, பட்டினியைத் தீர்க்க அந்த கேக் வரவில்லை.

பிறகு ஏன் ஒரு துண்டு தின்றவுடனே கால் லேசாகிறது? ஜீரணமாகி ரத்தத்தில் கலக்கவே பத்து இருபது நிமிடங்கள் ஆகுமே? பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் 2004-இல் செய்த சோதனை இதற்குப் பதில் சொல்கிறது. ஒரு மணி நேரம் வேகமாக சைக்கிள் மிதிக்கும் வீரர்களுக்கு, சுவையே தெரியாத மாவுச்சர்க்கரைக் கரைசலைக் கொடுத்து, வாயில் கொப்பளித்துவிட்டுத் துப்பச் சொன்னார்கள். ஒரு சொட்டும் விழுங்காமலே அவர்களின் வேகம் ஏறக்குறைய 3 சதவீதம் கூடியது. பின்னால் 2009-இல் மூளையைப் படம்பிடித்துப் பார்த்தபோது, வாயில் குளுக்கோஸ் பட்டதும் பரிசு கிடைத்தாற்போல் மகிழும் பகுதிகள் விழித்துக்கொண்டன. வெறும் இனிப்பு மட்டுமுள்ள சாக்கரினுக்கு அவை அசையவில்லை. எரிபொருள் வருகிறது என்ற தகவலை நாக்கு முன்கூட்டியே அனுப்பிவிடுகிறது. அதை நம்பி மூளை கையை அவிழ்த்துவிடுகிறது.

சர்க்கரைக் கதை இதோடு சரி. ஆனால் வெறும் சர்க்கரையை யாரும் பையில் போட்டுக்கொண்டு போவதில்லையே. மூச்சிரைக்க ஏறி வந்தவரின் வாய் உலர்ந்திருக்கும். அதில் இனிப்பு மட்டும் போனால் பிசினாக ஒட்டும். புளிப்பின் உதவி இங்கேதான் தேவைப்படுகிறது. உமிழ்நீரை வரவழைப்பதில் மற்ற எந்தச் சுவையும் அமிலத்துக்கு ஈடில்லை. அமிலம் என்றால் நேர்மின்னூட்டம் கொண்ட ஹைட்ரஜன், அதாவது புரோட்டான். நாக்கிலுள்ள சில செல்களில் ஒடாப்1 என்றொரு புரதக் குழாய் இருக்கிறது; புரோட்டான் மட்டுமே அதன் வழியே நுழைய முடியும். நுழைந்ததும் செல் நரம்புக்குச் செய்தி சொல்கிறது. தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் எமிலி லைமன் குழு இந்தக் குழாயை 2018-இல் அடையாளம் கண்டு, புளிப்பின் வாசல் இதுதான் என்று 2019-இல் உறுதி செய்தது. இனிப்பும் கசப்பும் நாக்குக்கு எப்படித் தெரிகின்றன என்பது அதற்குப் பல ஆண்டுகள் முன்பே தெளிவாகியிருந்தது. ஐந்து சுவைகளில் இவ்வளவு எளிய ஒன்றின் கதவு இவ்வளவு தாமதமாகக் கிடைத்தது வேடிக்கைதான்.

புளிப்பும் இனிப்பும் கூட்டாகச் செய்த வேலைக்கு மிக உயரமான சான்று எவரெஸ்ட். 1952-இல் சுவிட்சர்லாந்துக் குழு முயன்று திரும்பிய பிறகு, உடலியல் வல்லுநர் கிரிஃபித் ப்யூ ஒன்றைக் கவனித்தார். மலையேறிகள் நீரின்றி வாடியிருந்தார்கள். உயரத்தின் வறண்ட காற்றில் ஒவ்வொரு மூச்சும் உடம்பின் நீரைத் திருடிக்கொண்டு போகிறது; பனியை உருக்கிக் குடிக்கவோ அடுப்புக்கு எண்ணெய் போதவில்லை. 1953-இல் பிரிட்டிஷ் குழுவுக்கு அவர் வகுத்த திட்டத்தில், ஒவ்வொருவரும் நாளொன்றுக்கு மூன்று லிட்டருக்குக் குறையாமல் குடித்தாக வேண்டும் என்பது முக்கியமான விதி. பசி செத்துப்போகும் உயரத்தில் வெறும் பனிநீர் எவ்வளவு இறங்கும்? சர்க்கரை நிறையப் போட்ட எலுமிச்சைப் பானம் இறங்கியது. மே 28 இரவு, சுமார் 8,500 மீட்டர் உயரத்தில் கடைசிக் கூடாரத்தில் டென்சிங் நோர்கேயும் எட்மண்ட் ஹிலரியும் குடித்ததும் அதுதான். மறுநாள் காலை உச்சி.

இந்தப் பழங்களுக்குள் இவ்வளவு அமிலம் எப்படிச் சேர்ந்தது என்பதும் அண்மையில்தான் விளங்கியது. எலுமிச்சைச் செல்லின் நடுவில் சாறு நிரம்பிய ஒரு பை உண்டு. அதற்குள் புரோட்டான்களை இறைத்துத் தள்ளும் இரட்டை எந்திரம் ஒன்றை ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் கண்டுபிடித்தார்கள். அவர்கள் அதை முதலில் சந்தித்தது பழத்தில் அல்ல, பெட்டூனியாப் பூவில். அங்கே அதன் வேலை இதழுக்கு நிறம் கொடுப்பது. எந்திரம் பழுதானால் பூ நீலம் பாரிக்கும். அதே எந்திரம் எலுமிச்சையில் முழு வேகத்தில் ஓடுகிறது. புளிப்பே இல்லாத சில எலுமிச்சை, ஆரஞ்சு ரகங்களில் அதன் மரபணு முடங்கிக் கிடப்பதையும் பார்த்தார்கள்.

ஆரஞ்சும் எலுமிச்சையும் சேர்ந்த இந்த சிட்ரஸ் குடும்பத்தின் பூர்வீகம் நமக்கு வெகு தூரமில்லை. 60 சிட்ரஸ் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்ட 2018-ஆம் ஆண்டு ஆய்வு, இமயமலையின் தென்கிழக்கு அடிவாரத்தை, அதாவது அசாம், வடக்கு மியான்மர், மேற்கு யுன்னான் பகுதியைத் தாயகமாகக் காட்டுகிறது. அங்கிருந்து பரவிய காட்டினங்களுக்குள் தாறுமாறாகக் கலப்பு நடந்தது. பம்பளிமாஸ் தாய்க்கும் மாண்டரின் தந்தைக்கும் பிறந்தது கசப்பு ஆரஞ்சு. அந்தக் கசப்பு ஆரஞ்சும் தடித்த தோல் கொண்ட சிட்ரானும் கலந்து பிறந்தது மேல்நாட்டு எலுமிச்சை. எனவே நடைக் குழுவின் டப்பாக்களில் மார்மலேட்டும் லெமன் கேக்கும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், இருப்பது பெற்றோரும் பிள்ளையும்.

கசப்பு ஆரஞ்சை அரேபியர்கள் ஸ்பெயினுக்குக் கொண்டுபோனார்கள். செவில் நகரத் தெருக்களில் அது நிழல் மரம். பூவின் மணத்துக்காக வளர்க்கிறார்கள், பழத்தை உள்ளூரார் அவ்வளவாகச் சீண்டுவதில்லை. அந்த வட்டாரத்தில் விளையும் பழத்தில் பெரும்பகுதி ஜனவரியில் கப்பலேறுவது பிரிட்டனுக்கு. சில வாரங்களே கிடைக்கும் பழம் என்பதால், குளிர்காலத்தின் நடுவில் வீடு வீடாக ஒரே நேரத்தில் அடுப்பு எரிகிறது.

இந்தப் பழத்தை அப்படியே வாயில் வைக்க முடியாது. சதை புளிக்கும், தோல் கசக்கும். கசப்பின் காரணம் நாரிஞ்சின், நியோஹெஸ்பெரிடின் என்ற இரண்டு பொருள்கள். இதில் ஒரு நுணுக்கம் கவனிக்கத் தக்கது. இனிப்பு ஆரஞ்சிலும் ஹெஸ்பெரிடின் என்ற பொருள் நிறைய இருக்கிறது. அதற்குச் சுவையே இல்லை. ஹெஸ்பெரிடினிலும் நியோஹெஸ்பெரிடினிலும் ஒரே உடல். அதே இரண்டு சர்க்கரைகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அந்த இரண்டு சர்க்கரைகளும் ஒன்றையொன்று பிடித்திருக்கும் இடம் மட்டும் வேறு: ஒன்றில் ஆறாவது கார்பன், மற்றதில் இரண்டாவது கார்பன். பிடி மாறினால் சுவையற்றது கசப்பாகிவிடுகிறது. 1960-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் அமெரிக்க வேளாண்துறை ஆய்வகத்தில் இதைத் துருவிக்கொண்டிருந்த ஹோரோவிட்ஸும் ஜென்டிலியும் கசப்பின் மூலக்கூறை இன்னும் சற்றுத் திருத்தினார்கள். கிடைத்தது சர்க்கரையைவிடப் பல நூறு மடங்கு இனிக்கும் பொருள்! அது இன்றும் இனிப்பூட்டியாகப் பயன்படுகிறது.

மார்மலேட் காய்ச்சுகிறவர்கள் கசப்பைத் திருத்துவதில்லை. அதோடு சமரசம் செய்துகொள்கிறார்கள். கசப்புத் தோல் என்றால் நம் வீடுகள் நார்த்தங்காயைச் சுருள் சுருளாக நறுக்கி உப்பைத் திணித்து உலர்த்தும். அவர்கள் சர்க்கரையைத் திணிக்கிறார்கள். உப்போ சர்க்கரையோ, அடிப்படை ஒன்றுதான்: நீரைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொண்டு பாக்டீரியாவுக்குக் கொடுக்காமல் இருப்பது. மார்மலேட்டில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை. அதோடு அமிலமும் சேர்ந்துவிட்டால் கிருமிகளுக்குப் பிழைப்பே இல்லை. 2022-இல் ராணி எலிசபெத்தின் ஆட்சி 70 ஆண்டு நிறைந்த விழாவுக்காக எடுத்த குறும்படத்தில், குழந்தைக் கதைகளில் வரும் மார்மலேட் பிரியரான பேடிங்டன் கரடியின் எதிரே அமர்ந்து அவர் கைப்பையிலிருந்து மார்மலேட் சாண்ட்விச்சை எடுத்துக் காட்டினார். வேடிக்கைக்கு எடுத்த காட்சி. உணவுப் பாதுகாப்பு விதிப்படி அதில் குறையொன்றும் இல்லை.

அடுப்பில் புளிப்பு செய்யும் வேலைதான் மார்மலேட்டின் உயிர். ஆரஞ்சுத் தோலின் உட்புறத்திலுள்ள வெள்ளைப் பகுதியிலும் விதையைச் சுற்றியுள்ள வழவழப்பிலும் பெக்டின் நிறைய இருக்கிறது. 1825-இல் பிரெஞ்சு வேதியியலாளர் ஆன்ரி ப்ராக்கொனோ பெயரிட்ட பொருள் இது. தாவரச் செல்களை ஒன்றோடொன்று ஒட்டி வைக்கும் நீண்ட சங்கிலி. அதனால்தான் அனுபவசாலிகள் விதையைத் தூக்கி எறிவதில்லை. மெல்லிய துணியில் மூட்டை கட்டி, நறுக்கிய தோலோடு சேர்த்து இரவு முழுக்க ஊறவைத்து, மறுநாள் அதே நீரில் கொதிக்க விடுகிறார்கள்.

கொதித்து வெளியே வந்த பெக்டின் சங்கிலிகள் நீரில் தனித்தனியாக மிதக்கும். ஒவ்வொன்றின் மேலும் எதிர்மின்னூட்டம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும். எவ்வளவு நேரம் வைத்தாலும் அது குழம்புதான். பழத்தின் சிட்ரிக் அமிலம் அந்த மின்னூட்டத்தைத் தணிக்கிறது, தள்ளுதல் நிற்கிறது. சர்க்கரை, சங்கிலிகளைச் சூழ்ந்திருந்த நீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது; இடைவெளி குறைகிறது. இரண்டும் சேரும்போது சங்கிலிகள் அங்கங்கே கைகோத்து வலையாகின்றன. மிச்ச நீர் அந்த வலைக்குள் மாட்டிக்கொண்டு அசையாமல் நிற்கிறது. அமிலம் போதாவிட்டால் எத்தனை கிலோ சர்க்கரை போட்டாலும் இறுகாது. அமிலத்தை அளக்கும் பிஎச் எண் 3.5-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது கணக்கு. கசப்பு ஆரஞ்சில் அதற்குப் பஞ்சமில்லை. இனிப்பு ஆரஞ்சில் செய்கிறவர்கள் எலுமிச்சை பிழிகிறார்கள்.

வரிசையும் முக்கியம். தோல் நன்றாக வெந்து விரலில் நசுங்கிய பிறகே சர்க்கரை போட வேண்டும். முன்னால் போட்டால் அது தோலின் நீரை உறிஞ்சி விறைக்க வைத்துவிடும். பிறகு மணிக்கணக்கில் கொதித்தாலும் மென்மை வராது. பதம் பார்க்க வெப்பமானி வைத்திருப்பவர்கள் 104 அல்லது 105 டிகிரியில் அடுப்பை அணைப்பார்கள். அந்த எண்ணில் மந்திரமில்லை. சர்க்கரை அடர அடரக் கொதிநிலை ஏறுகிறது. நீரைவிட நான்கைந்து டிகிரி கூடியிருக்கிறது என்றால் சர்க்கரை தேவையான அடர்த்திக்கு வந்துவிட்டது என்று பொருள். நம் சமையலறைகள் விரலிடுக்கில் இழுத்துப் பார்க்கும் கம்பிப்பதமும் ஏறக்குறைய இந்த இடத்தில்தான் வரும். உயரமான ஊர்களில் எண் மாறும். 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் நீரின் கொதிநிலையே இறங்குவதால், ஊட்டியில் 97 டிகிரியிலேயே பதம் வந்துவிடும். வெப்பமானி இல்லாதவர்கள் குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளுகிறார்கள். மேல்பரப்பு சுருங்கினால் சரி.

ரொட்டியில் தடவும் லெமன் கர்ட் வேறு ஜாதி. எலுமிச்சைச் சாறு, சர்க்கரை, வெண்ணெய், முட்டை. இங்கே இறுகுவது முட்டைப் புரதம். சர்க்கரை அந்தப் புரதத்தின் அவசரத்தைத் தணித்து, திரிந்து கட்டியாகாமல் மெல்லக் கெட்டிப்பட வைக்கிறது. நெருப்பை நேரே காட்டாமல் கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்துக் கிண்டுவது அதனால்தான். அலுமினியப் பாத்திரத்தில் செய்தால் அமிலம் உலோகத்தை அரித்து வாயில் காசைக் கடித்த ருசி வரும். சுவையில் மார்மலேட்டை இது தோற்கடிக்கலாம். ஆனால் முட்டையும் வெண்ணெயும் இருப்பதால் குளிர்பெட்டியை விட்டு வெகுதூரம் போகாது. நடைப் பைக்கு ஏற்றது ட்ரிசில் கேக். அடுப்பிலிருந்து எடுத்த சூட்டோடு, முழுதாகக் கரையாத சர்க்கரை கலந்த எலுமிச்சைச் சாற்றை மேலே ஊற்றுவார்கள். சாறு உள்ளே இறங்கும். கரையாத பரல்கள் மேலே தங்கி மொறுமொறுப்பான ஓடாகும். உள்ளே போன சர்க்கரை ஈரத்தை விடாமல் பிடித்துக்கொள்வதால் இரண்டு மூன்று நாள் ஆனாலும் கேக் வறளாது.

இவ்வளவு ஆரஞ்சும் எலுமிச்சையும் இருக்கிறதே, வைட்டமின் சி நிறையக் கிடைக்குமே என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அந்த நம்பிக்கைக்கு இதே நாட்டின் கடற்படை கொடுத்த விலை பெரிது. 1747-இல் சாலிஸ்பரி என்ற போர்க்கப்பலில் ஜேம்ஸ் லிண்ட் என்ற மருத்துவர், ஈறு அழுகும் ஸ்கர்வி நோய் கண்ட 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து ஆறு விதமான மருந்து கொடுத்தார். நாளுக்கு இரண்டு ஆரஞ்சும் ஓர் எலுமிச்சையும் தின்ற இருவரும் ஒரு வாரத்துக்குள் தேறினார்கள். அந்த ஆறில் காடியும், நீர்த்த கந்தக அமிலமும் இருந்தன என்பதை மறக்கக் கூடாது. புளிப்பாக இருப்பதே மருந்து என்பது அக்காலக் கொள்கை. கந்தக அமிலம் குடித்தவர்களின் நோய் அப்படியே இருந்தது.

சோதனையில் வென்ற லிண்ட் சமையலில் தோற்றார். பழம் மாதக்கணக்கில் கெடாமலிருக்கச் சாற்றைப் பல மணி நேரம் சுண்டக் காய்ச்சிப் பாகாக்கிக் கொண்டுபோகலாம் என்று பரிந்துரைத்தார். புளிப்பு அப்படியே இருந்தது. சூட்டிலும் காற்றிலும் வைட்டமின் சி பெரும்பாலும் போய்விட்டது. எலுமிச்சைச் சாற்றையே கடற்படை தரத் தொடங்கியது 1795-இல். 1860-களில் எலுமிச்சைக்குப் பதில் மேற்கிந்தியத் தீவுகளின் லைம் சாறு வந்தது. அதிலும் புளிப்புக்குக் குறைவில்லை, வைட்டமின்தான் குறைவு. 1875-இல் நேர்ஸ் தலைமையில் ஆர்க்டிக் போன பிரிட்டிஷ் குழுவை ஸ்கர்வி வந்து வாட்டியது. நாக்கு அமிலத்தைத்தான் அறியும், வைட்டமினை அறியாது. மணிக்கணக்கில் கொதித்த மார்மலேட்டிலும் இதே கதைதான். வைட்டமின் வேண்டுமென்றால் பையில் ஒரு முழு ஆரஞ்சு போட்டுக்கொள்வது நல்லது.

அந்த முழு ஆரஞ்சு கடைசியில் ஒரு தொல்லையைக் கொண்டுவருகிறது: தோல். உரிக்கும்போது மூக்கைத் துளைக்கும் மணம் லிமோனின் என்ற எண்ணெயால் வருவது. தோலின் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய பைகளில் அது அடைபட்டிருக்கிறது. தோலை மடக்கினால் பை வெடித்து விநாடிக்குச் சுமார் 10 மீட்டர் வேகத்தில் தாரை பீறிடுகிறது. மத்திய ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் அதிவேகக் கேமராவில் இதைப் பிடித்து 2018-இல் வெளியிட்டார்கள். கிளம்பும் கணத்தில் அதன் முடுக்கம் புவியீர்ப்பைப்போல் சுமார் 5000 மடங்கு.

தோல் இயற்கைப் பொருள்தானே என்று புதருக்குள் வீசுவது நடப்பவர்களின் பழைய பழக்கம். குளிர்ந்த மலையில் அது எளிதில் மக்குவதில்லை. 2009-இல் ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் மலை உச்சியில் ஏறக்குறைய 1000 வாழைப்பழத் தோல்கள் கிடந்ததாக ஜான் மியூர் அறக்கட்டளை முறையிட்டது. அந்தக் குளிரில் ஒரு தோல் மறைய இரண்டு ஆண்டுகள்வரை ஆகலாம். ஆரஞ்சுத் தோலிலுள்ள எண்ணெய் நுண்ணுயிர்களுக்கு ஆகாததால் அதுவும் மெத்தனமாகத்தான் போகும். வெப்பநாட்டில் கதையே வேறு. கோஸ்டா ரிக்காவில் பழச்சாறு ஆலை ஒன்றின் 12,000 டன் ஆரஞ்சுக் கழிவை 1990-களின் இறுதியில் தரிசாகிக் கிடந்த மேய்ச்சல் நிலத்தில் கொட்டினார்கள். வழக்கு வந்து வேலை நின்றுபோனது, எல்லாரும் மறந்தும் போனார்கள். பின்னால் ஆய்வாளர்கள் போய் அளந்து 2017-இல் சொன்னபடி, தோல் விழுந்த பக்கத்தில் மரங்களின் மொத்த நிறை, விழாத பக்கத்தைவிட 176 சதவீதம் அதிகம்.

கம்ப்ரியாவில் அந்த வெயிலும் மழையும் இல்லை. எனவே நடைக் குழுக்களில் தோல் பைக்குள்ளேயே திரும்புகிறது. அதை வீணாக்க மனமில்லாதவர்கள் வீட்டில் கழுவி, கீற்றாக நறுக்கி, தண்ணீரில் கொதிக்க விட்டு வடிக்கிறார்கள். மறுபடி புது நீர், மறுபடி கொதி. கசப்புப் பொருள் குளிர்நீரில் சரியாகக் கரையாது, வெந்நீரில் நன்றாகக் கரையும் என்பதால் இரண்டு மூன்று முறையில் தேவையான அளவு வடிந்துவிடும். பிறகு சர்க்கரைப் பாகில், தோல் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும்வரை மெல்லிய தீயில் வேகவைத்து, கம்பித்தட்டில் ஓர் இரவு உலர்த்திச் சர்க்கரையில் புரட்டினால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை டப்பாவுக்குச் சரக்கு தயார்.